பிளக் பாயின்ட் மாற்றும்போது ஒயர்களைச் சீராக இணைக்கும் முறை

சுவரில் உள்ள பிளக் பாயின்ட் சூடாகிறது, முகப்பு பழுப்பேறியிருக்கிறது, பிளக்கைச் செருகும்போது சடசடவென்று பொறி பறக்கிறது என்றால், பலரும் முதலில் சாக்கெட்டின் தரத்தையோ மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையோ குறை சொல்வார்கள். உண்மையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, அந்தச் சாக்கெட்டின் பின்புறத்தில் ஒயரின் முனையும், அதைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் பித்தளை டெர்மினலும் தொட்டுக்கொள்ளும் இடத்தைத்தான். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. திருகு தளர்ந்து, அந்த இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு மின்தடை மட்டுமே ஏற்பட்டிருந்தாலும், அங்கே ஏழரை வாட்டுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பம் உண்டாகும். மிளகளவு இடத்தில், காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள், சமையல் முடியும்வரை அந்த வெப்பம் தொடர்ந்து தேங்கினால் ஒயரின் தோல் இளகும், செம்பு கறுக்கும், கறுத்த செம்பினால் மின்தடை இன்னும் கூடும், வெப்பமும் அதனுடன் சேர்ந்து கூடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒயரில் ஓடும் மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருப்பதால், அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது, மின்கசிவு ஏற்பட்டால் விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யும் மின்சாரம் பூமிக்குக் கசியாதவரை கண்டுகொள்ளாது. இந்த ஒரு பழுதுக்கு எதிராக வீட்டில் இருக்கும் பாதுகாப்பு, இணைப்பைச் செய்தவரின் கை நேர்த்தி மட்டுமே.

இந்தக் கட்டுரை, சுவருக்குள் ஏற்கெனவே பதிக்கப்பட்ட பைப்பும் பெட்டியும் ஒயர்களும் இருக்கும் இடத்தில், பழைய சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள புதிய மாடுலர் சாக்கெட்டையும் அதற்கான சுவிட்சையும் பொருத்துவதைப் பற்றியது. இந்தியாவின் மின்பாதுகாப்பு விதிமுறைகள், 250 வோல்ட்டுக்கு உட்பட்ட விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, வயரிங்கின் கொள்ளளவும் தன்மையும் மாறாத வகையில் மாற்றிக்கொள்வதற்கு விலக்கு அளித்திருக்கின்றன. புதிதாக லைன் இழுப்பது, புதிய பாயின்ட் சேர்ப்பது, மெயின் போர்டில் கை வைப்பது ஆகியவை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனும் செய்ய வேண்டிய வேலைகள். இந்த எல்லையை மதிக்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்; ஏனெனில் புதிய லைன் இழுக்கும்போது எழும் கேள்விகளுக்குச் சாக்கெட்டின் பின்புறத்தைப் பார்த்து மட்டும் விடை கண்டுவிட முடியாது.

மின்சாரத்தை நிறுத்துவது

அந்தப் பாயின்ட்டுக்கான எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. ஒரே ஒயரைத் துண்டிக்கும் வகை எம்.சி.பி. (சிங்கிள் போல்), மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. அது திரும்பிச் செல்லும் நியூட்ரலின் தொடர்பு அப்படியே இருக்கும். வீட்டின் மெயின் ஐசொலேட்டரையோ ஆர்.சி.சி.பி.யையோ இறக்கினால் இரண்டும் சேர்ந்தே துண்டிக்கப்படும். இறக்கிய பிறகு, வீட்டில் உள்ளவர்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டு, போர்டின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி யாராவது சென்று அதை ஏற்றிவிடுவது நடக்கக்கூடியதே.

நம் ஊர் வீடுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது இன்வெர்ட்டர். மெயினை இறக்கியவுடன், மின்வெட்டு வந்துவிட்டதாகக் கருதி இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். அதன் லைனில் இருக்கும் பெட்டிகளில் 230 வோல்ட் அப்படியே இருந்துகொண்டிருக்கும். ஒரே சுவிட்ச் பாக்ஸில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இன்வெர்ட்டர் லைனும், பவர் பிளக்குக்கு மெயின் லைனும் வந்து சேர்வது சாதாரணமாகக் காணப்படும் ஏற்பாடு என்பதால், பிளக் இன்வெர்ட்டரில் இல்லை என்ற நினைப்பில் மட்டும் பெட்டிக்குள் விரலை விட்டுவிடக் கூடாது. இன்வெர்ட்டரை அதன் முகப்பு சுவிட்சில் நிறுத்திவிட்டு, அதன் வெளியீட்டு லைனில் எம்.சி.பி. இருந்தால் அதையும் இறக்கிவிட வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீடுகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு ஃபேஸ்கள் வந்திருக்கவும் கூடும். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும்.

நிறுத்தியதை உறுதி செய்வதற்கு டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நியான் டெஸ்டர் உங்கள் உடல் வழியாகச் செல்லும் மிகச்சிறிய மின்னோட்டத்தால்தான் ஒளிர்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூலின் மேலோ ரப்பர் செருப்புடனோ நிற்கும்போது அந்த ஒளி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கிவிடலாம். ஆகவே ஒரு மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் நிலையில், 250 வோல்ட்டைத் தாண்டிய அளவில் வைத்து, முதலில் மின்சாரம் இருக்கும் இடம் ஒன்றில் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினை இறக்கி, வேலை செய்யவிருக்கும் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும். அப்போது சாக்கெட்டின் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவிட்ச்தான் ஃபேஸைத் தடுத்து நிற்கிறதா, மெயின் தடுத்து நிற்கிறதா என்று தெரியாது. பிளேட்டைக் கழற்றிய பிறகு சுவிட்சுக்கு வரும் ஒயரிலும் இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பிளேட்டை வெளியே இழுத்தவுடன் ஒயர்களை அவிழ்க்காமல், கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்த டெர்மினலில் இருந்தது, இங்கிருந்து அடுத்த பாயின்ட்டுக்குச் செல்லும் ஒயர், அதாவது லூப், எங்கே போயிருக்கிறது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. அதன் பிறகு ஒவ்வோர் ஒயரிலும் ஒரு சிறு டேப் துண்டைச் சுற்றி, எந்த டெர்மினலைச் சேர்ந்தது என்று எழுதிவிடலாம்.

நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் ஃபேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சை எர்த்துக்கும் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போன்ற கருவிகளின் கேபிளில் பழுப்பு ஃபேஸாகவும், நீலம் நியூட்ரலாகவும் இருக்கும். ஒரு நிறத்துக்கு இரண்டு பொருள் இருப்பதால், பழைய வேலைகளில் கையிருப்பில் இருந்த நிறத்தை எடுத்து இழுத்துவிட்டுப் போனவர்களும் இருப்பதால், நிறம் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. அளந்து பார்த்த பிறகுதான் அது முடிவாகும். கறுப்பு ஒயரில் டெஸ்டர் எரிந்தால், ஒன்று ஒயர்கள் மாறியிருக்கின்றன, அல்லது மேலே எங்கோ நியூட்ரல் அறுந்து, போட்ட நிலையில் இருக்கும் வேறொரு கருவியின் வழியாக மின்சாரம் திரும்பி வருகிறது. இரண்டில் எதுவானாலும் அதைத் தீர்க்காமல் புதிய சாக்கெட்டைப் பொருத்தக் கூடாது.

பெட்டிக்குள் எர்த் ஒயரே இல்லை என்றால் வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு வயர்மேனை அழையுங்கள். நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த் டெர்மினலில் செருகிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இதைப் போல் ஆபத்தான குறுக்குவழி வேறில்லை. என்றாவது ஒருநாள் நியூட்ரல் அறுந்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவு, வாஷிங் மெஷினின் உடல், கிரைண்டரின் மேற்பகுதி என்று எர்த்துடன் சேர்ந்திருக்கும் உலோகம் அனைத்தும் 230 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

ஒயரின் தடிமனையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ., ஏ.சி., கீசர் போன்றவற்றுக்கு 4 சதுர மி.மீ. என்பது வீடுகளில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஒயரின் தோலிலேயே அளவு அச்சிடப்பட்டிருக்கும். பழைய வீடுகளில் 3/20 என்று வயர்மேன்கள் சொல்லும் ஒயர் ஏறக்குறைய 2 சதுர மி.மீ.க்குச் சமம், 1/18 ஒயர் 1.2 சதுர மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. விளக்குக்கென்று இழுத்த மெல்லிய லைனில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டால், சாக்கெட் தாங்கும், சுவருக்குள் இருக்கும் ஒயர் தாங்காது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைப் பெரிய அளவுக்கு மாற்றுவதும் இதே தவறுதான், ஏனெனில் எம்.சி.பி. காப்பது கருவியை அன்று, அந்த ஒயரைத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 16 ஆம்பியர் சாக்கெட்டை வாங்கிவிட்டு, பிளேட்டில் இடம் பொருந்துகிறது என்பதற்காக 6 ஆம்பியர் சுவிட்சை அதன் பக்கத்தில் மாட்டுவதால் உருகிப்போன சுவிட்சுகள் ஏராளம். சாக்கெட் எத்தனை ஆம்பியரோ சுவிட்சும் அத்தனை ஆம்பியர் இருக்க வேண்டும், இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினிய ஒயர் தெரிந்தால் அதைச் செம்பு ஒயருடன் நேராக முறுக்கி இணைக்காதீர்கள். இரண்டு உலோகங்களும் சேரும் இடம் நம் ஊர் ஈரக்காற்றில் அரித்துவிடும். அத்தகைய வீட்டுக்குத் தேவை புதிய சாக்கெட் அன்று, புதிய வயரிங்.

ஒயர் முனையைத் தயார் செய்வது

வேலையின் தரம் இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. அவசரமின்றிச் செய்ய வேண்டிய இடமும் இதுவே.

முதலில், கறுத்த செம்பும் இறுகிப்போன தோலும் இருக்கும் பழைய முனையை, பளபளப்பான செம்பும் வளைந்து கொடுக்கும் தோலும் தென்படும்வரை வெட்டி எறிந்துவிடுங்கள். வெட்டிய பிறகு பெட்டியின் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் அளவுக்காவது ஒயர் வெளியே நீண்டிருந்தால் வசதியாக வேலை செய்யலாம். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமாகவும் விட்டுவிடக் கூடாது. மிகுந்த ஒயரை ஆழமற்ற பெட்டிக்குள் திணிப்பதும் இணைப்பைத் தளர்த்தும்.

தோலைச் சீவுவதற்கு ஒயர் ஸ்ட்ரிப்பரைப் பயன்படுத்துங்கள். பல்லால் கடித்து இழுப்பதும், பிளேடால் சுற்றி அறுப்பதும் நம்மிடையே பரவலான வழக்கங்கள். ஆனால் அவை செம்பு இழைகளையும் சேர்த்து வெட்டிவிடுகின்றன. இன்று வீடுகளில் பயன்படும் 2.5 சதுர மி.மீ. இளகு ஒயரில், 0.3 மி.மீ. குறுக்களவுள்ள இழைகள் சுமார் 36 இருக்கும். அவற்றில் ஆறு அறுந்துவிட்டால், அந்த இடத்தில் ஒயரின் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். தோல் சீவிய பின் தரையில் செம்பு இழைகள் உதிர்ந்து கிடந்தால், சோம்பலின்றி அந்த முனையை வெட்டிவிட்டு மீண்டும் சீவுங்கள்.

எவ்வளவு நீளம் சீவ வேண்டும் என்பதை டெர்மினல்தான் சொல்லும். பல மாடுலர் சாக்கெட்டுகளுக்கு 10 முதல் 12 மி.மீ. சரியாக இருக்கும்; சாக்கெட்டின் பின்புறத்திலோ பெட்டியிலோ அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒயரை முழுவதும் உள்ளே தள்ளும்போது, செம்பு சிறிதும் வெளியே தெரியாமலும், தோல் திருகுக்கு அடியில் சிக்காமலும் இருக்க வேண்டும். செம்பு வெளியே தெரிந்தால் பக்கத்து ஒயரையோ உலோகப் பெட்டியையோ தொடக்கூடும். தோல் திருகுக்கு அடியில் சிக்கினால் திருகு இறுகியதுபோல் தோன்றும். ஆனால் இறுகியிருப்பது பிளாஸ்டிக்கின் மேல்தான். இந்த இரண்டாவது தவறு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இரண்டிலும் இதுவே மோசமானது.

சீவிய இழைகளை, அவை ஏற்கெனவே முறுகியிருக்கும் திசையிலேயே விரலால் இறுக்கமாக முறுக்குங்கள். டெர்மினலின் துளை பெரிதாகவும் ஒயர் மெல்லியதாகவும் இருந்தால், இரு மடங்கு நீளம் சீவி, இரண்டாக மடித்துச் செருகினால் திருகுக்குக் கடிக்க இடம் கிடைக்கும். முனையில் ஈயம் வைத்துச் சாலிடர் செய்தால் இழைகள் பிரியாது என்று சிலர் செய்கிறார்கள். திருகு டெர்மினலுக்கு அது கூடாது. அழுத்தத்தின் கீழும் சூட்டின் கீழும் சாலிடர் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும், சில மாதங்களில் பிடிப்பு தளர்ந்துவிடும். இழைகள் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால், ஒயரின் அளவுக்கேற்ற ஃபெருல் என்னும் சிறு செம்புக் குழலை முனையில் மாட்டி, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துவதே சரியான வழி. கருவி இல்லாமல் பிளேயரால் நசுக்குவதைவிட, வெறும் இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுவதே மேல்.

இணைப்பது

சாக்கெட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த். கீழே வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஆனால் ஒயரை இணைக்கும்போது நாம் பார்ப்பது பின்புறத்தை. அங்கே வலமும் இடமும் மாறிவிடும். ஆகவே திசையை மனத்தில் வைத்துக்கொண்டு இணைக்காமல், டெர்மினல்களுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எல், என், ஈ என்னும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தே இணைக்க வேண்டும். எல் என்பது ஃபேஸ், என் என்பது நியூட்ரல், ஈ என்பது எர்த்.

மெயினிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் சுவிட்சின் ஒரு டெர்மினலுக்குப் போகிறது. சுவிட்சின் மறு டெர்மினலிலிருந்து ஒரு சிறு ஒயர் சாக்கெட்டின் எல் டெர்மினலுக்கு வருகிறது. நியூட்ரலும் எர்த்தும் சுவிட்சைத் தொடாமல் நேராகச் சாக்கெட்டுக்கு வர வேண்டும். சுவிட்சை நியூட்ரலில் இணைத்தாலும் கருவி நிற்கும், ஓடும். ஆனால் சுவிட்ச் நிறுத்திய நிலையிலும் கருவிக்குள் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சிலிருந்து சாக்கெட்டுக்கு வரும் அந்தச் சிறு ஒயரும் மெயின் ஒயரின் அளவிலேயே இருக்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. லைனில் ஓர் அங்குல நீளத்துக்கு மெல்லிய ஒயர் போட்டாலும், சூடாவது அந்த ஓர் அங்குலம்தான்.

எர்த்தை முதலில் இணையுங்கள். மற்ற இரண்டையும்விட அதைச் சற்று நீளமாக விடுவது நல்ல வழக்கம். எப்போதாவது சாக்கெட் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டால், ஃபேஸும் நியூட்ரலும் கழன்ற பிறகே எர்த் கழலும். பெட்டி உலோகமாக இருந்தால், அதில் உள்ள எர்த் திருகுக்கும் ஒரு ஒயர் போக வேண்டும்.

டெர்மினலில் ஒயரைச் செருகும் முன் திருகை முழுவதும் பின்னோக்கித் திருப்பி, உள்ளே உள்ள அழுத்துத் தகடு நன்றாக விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு பாதி மூடியிருந்தால் ஒயர் அதன் இடுக்குக்குள் போகாமல் பின்புறமாக வழுக்கிச் சென்றுவிடும். திருகு இறுகும், ஒயர் பிடிபடாது. இறுக்குவதற்குத் திருகின் பள்ளத்தில் சரியாக அமரும் ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். டெஸ்டரின் மெல்லிய முனை திருகின் தலையைச் சிதைக்குமே தவிர, போதிய அழுத்தம் தராது. இறுக்கியபின் ஒவ்வோர் ஒயரையும் தனித்தனியாகப் பிடித்து உறுதியாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால், கழற்றிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். மூன்றையும் முடித்த பிறகு, முதலில் இறுக்கிய திருகுக்குத் திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அழுத்தத்தில் இழைகள் படிந்திருக்கும், திருகு இன்னும் சிறிது உள்ளே போகும். இந்த இரண்டாவது சுற்றைப் பலரும் செய்வதில்லை.

அடுத்த பாயின்ட்டுக்கு லூப் போகும்போது, ஒரே டெர்மினலில் இரண்டு ஒயர்கள் வரும். ஒரே தடிமனும் ஒரே வகையும் கொண்ட இரண்டு ஒயர்கள் என்றால் சம நீளத்தில் சீவி, சேர்த்து முறுக்கி, ஒன்றாகச் செருகலாம். இரண்டில் ஒன்று மெல்லியதாக இருந்தால் திருகு தடித்ததை மட்டும் பிடிக்கும். மூன்றாவது ஒயரைத் திணிக்காதீர்கள். வெவ்வேறு லைன்களின் நியூட்ரல்களை ஒரே டெர்மினலில் சேர்ப்பதும் கூடாது. அவை வெவ்வேறு ஆர்.சி.சி.பி.களின் கீழ் வந்தால், இரண்டும் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

வெட்டிய பிறகு ஒயர் எட்டவில்லை என்றால், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி நீட்டிக்கும் ஆசை வரும். கோடையில் சூடேறும் சுவருக்குள் அந்த டேப்பின் பசை இளகி, சுற்று தானாகப் பிரிந்துவிடும். தகுந்த ஆம்பியர் அளவுள்ள திருகு கனெக்டரையோ நெம்புகோல் வகை கனெக்டரையோ பயன்படுத்தி, அந்த இணைப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பைப்புக்குள் இணைப்பு எப்போதும் கூடாது.

பெட்டிக்குள் அடுக்குவது

ஒயர்களைச் சுருட்டித் திணிக்காமல், ஒவ்வொன்றையும் விசிறி மடிப்பாக மடித்து, எர்த்தை அடியிலும், அதன் மேல் நியூட்ரலையும், எல்லாவற்றுக்கும் மேலே ஃபேஸையும் படியவையுங்கள். டெர்மினலை ஒட்டியே கூர்மையாக மடிக்கக் கூடாது. விரலளவு நீளத்துக்கு நேராக விட்டு, அதன் பிறகு வளைத்தால் திருகின் மேல் இழுவிசை விழாது. உலோகப் பெட்டியில் பைப் நுழையும் துளையின் விளிம்பு கூராக இருந்தால் ரப்பர் புஷ் போடுங்கள். பிளேட்டின் திருகுகள் உள்ளே நீளும் இடத்தில் எந்த ஒயரும் குறுக்கே இருக்கக் கூடாது. பெட்டிக்குள் சேர்ந்திருக்கும் சிமென்ட் தூள், எறும்பு மண், பல்லி முட்டை ஆகியவற்றை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்த பிறகே மூடுங்கள். சுவர் ஈரமாக இருந்தால், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை மூடவே வேண்டாம். பிளேட்டைப் பிடித்து அழுத்தினால்தான் உள்ளே போகிறது என்ற நிலை வந்தால், அது மடிப்பு சரியில்லை என்பதற்கான அறிகுறி. வெளியே எடுத்து மறுபடி அடுக்குங்கள்.

சோதிப்பது

மின்சாரத்தை ஏற்றும் முன், சாக்கெட்டில் எந்தக் கருவியும் இல்லாமல், அதே லைனில் உள்ள மற்ற கருவிகளையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைப் போட்ட நிலையில் மல்டிமீட்டரின் ஓம் அளவில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதைப் பாருங்கள். பிறகு சுவிட்சை நிறுத்திவிட்டு மெயினையும் எம்.சி.பி.யையும் ஏற்றுங்கள். இப்போது ஃபேஸ் துளையில் மின்சாரம் இருக்கக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகள் மட்டுமும் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டே இல்லை என்றால் எர்த் வந்து சேரவில்லை. ஆனால் 230 காட்டுவதால் மட்டும் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடவும் முடியாது. மல்டிமீட்டர் மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுப்பதால், கோடையில் வறண்டுபோன எர்த் குழியும் அதற்கு நல்ல எர்த்தாகவே தோன்றும். எர்த்தின் தரத்தை அளக்க அதற்கான கருவியுடன் வயர்மேன்தான் வர வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்பதையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், அந்தச் சாக்கெட்டில் வழக்கமாக இயங்கும் கனமான கருவியை, அயர்ன் பாக்ஸோ இண்டக்ஷன் அடுப்போ, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கருவியை நிறுத்தி, பிளக்கை உருவி, சாக்கெட்டின் முகப்பையும் பிளக்கின் பின்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், மெயினை இறக்கி, பிளேட்டைக் கழற்றி, எந்த டெர்மினலுக்கு அருகில் ஒயர் அதிகமாகச் சூடாகியிருக்கிறது என்று பார்த்து அதை மீண்டும் சீவி இணைக்க வேண்டும். டெர்மினல்கள் எல்லாம் உறுதியாக இருந்தும் பின்கள் மட்டும் சுடுகின்றன என்றால், பிளக்கின் பின்கள் தேய்ந்தோ கறுத்தோ இருக்கின்றன; அப்போது மாற்ற வேண்டியது அந்தக் கருவியின் பிளக் டாப்.